காலனித் தெருவுக்குச் சான்று இல்லை

தமிழ்மொழி என்பவளுக்குத் தெரிந்த எழுத்து முதலில் பிளக்ஸ் எழுத்துதான். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிளக்ஸ் கடையில் வெகுநாளாக டிசைன் போடுகிறாள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். செத்துப்போனவரின் ஆதார் அட்டைப் படத்தை எடுத்து, முகத்தை வெளுப்பாக்கி, பட்டுச் சட்டை மாட்டி, பின்னால் ஒரு அருவியையும் கொட்டவிட்டுக் கொடுப்பாள். உயிரோடு இருந்தபோது அந்த மனிதர் ஒருநாளும் அவ்வளவு லட்சணமாக இருந்ததில்லை என்று வீட்டுக்காரர்களே வாயைப் பிளப்பார்கள். வயது முப்பத்து நாலு. கல்யாணப் பேச்சு இரண்டு வந்து, வந்த வேகத்தில் போனது. அதற்காக அவள் மூக்கைச் சிந்தி யாரும் பார்த்ததில்லை. கடையில் கூட்டம் ஓய்ந்த மதியங்களில் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதிக்கொண்டிருப்பாள்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஒன்று இணையத்தில் இருக்கிறதே, அதுதான். சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாத இடத்தில் மனிதர்கள் சட்டத்தை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பார்கள் என்று தெரிய வேண்டுமானால் அங்கே ஒரு மாதம் இருந்து பார்க்கலாம்.

அவள் உள்ளே போன கதை சின்னது. பக்கத்து ஊர்க் கும்பாபிஷேகத்துக்குப் பிளக்ஸ் அடிக்கக் கோபுரப் படம் தேடினாள். அந்த ஊருக்குக் கலைக்களஞ்சியத்தில் தனிப்பக்கம் இருந்தது. அதற்கடுத்த ஊருக்கும் இருந்தது. குன்னத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போனால் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே வருகிற அவளுடைய செங்காட்டுக்குறிச்சிக்கு மட்டும் இல்லை. வந்ததே கோபம். அன்று சாயங்காலமே 'குன்னத்துக்காரி' என்று ஒரு பெயரைப் போட்டுக்கொண்டு, ஏரி, பள்ளிக்கூடம், பஸ் நம்பர், பருத்தி, சின்ன வெங்காயம் என்று தெரிந்ததையெல்லாம் எழுதி ஊரை ஏற்றிவிட்டாள். அதில் பிடித்த ருசி விடவில்லை. நாலு வருஷத்தில் சுற்று வட்டாரத்து ஊர்கள் பலவற்றுக்கும் அவள்தான் பக்கம் திறந்தாள். அவள் குடியிருக்கும் காலனியில் அது பெருமையாகப் பேசப்பட்டது. "மருதாயி மவ நெட்டுல ஊரப் பத்தி எழுதுது" என்று பால் ஊற்றப் போகிற இடத்தில்கூடச் சொல்லிக்கொண்டார்கள்.

ஒருநாள் செங்காட்டுக்குறிச்சிப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது: 'சித்திரையில் நடைபெறும் செல்லியம்மன் தேரோட்டத்தில் அனைத்து சமுதாய மக்களும் ஒற்றுமையுடன் கலந்துகொண்டு அம்மன் அருள் பெறுகின்றனர்.' சேர்த்தவன் வேறு பெயரில் இருந்தாலும் அவளுக்கு ஆள் தெரியும். தர்மகர்த்தாவின் தங்கை மகன், துபாயில் வேலை பார்க்கிறவன். சான்றாக ஒரு நாளிதழின் திருவிழாச் சிறப்புப் பக்கத்தைக் காட்டியிருந்தான்.

தமிழ்மொழி அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். பிறகு சிரித்தாள். அது அவளே டைப் அடித்த வரி. போன வருஷம் தர்மகர்த்தா தேருக்கு வரவேற்பு பிளக்ஸ் அடிக்க வந்தபோது, "நல்லா நாலு வார்த்த நீயே போட்டுக்கம்மா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எல்லா ஊருக்கும் போடுகிற அதே நாலு வார்த்தையை இவர் ஊருக்கும் போட்டுக் கொடுத்தாள். ரோட்டோரம் நின்ற பிளக்ஸைப் பார்த்துப் பகுதிநேர நிருபர் பேப்பருக்கு எழுதினார். பேப்பரைப் பார்த்துத் துபாய்க்காரன் கலைக்களஞ்சியத்தில் எழுதினான். அவள் விட்ட கதை அவளுக்கே வரலாறாகத் திரும்பி வந்து நின்றது.

சிரிப்பு சீக்கிரம் நின்றுபோனது, ஏனென்றால் அந்த வரி பொய். செல்லியம்மன் தேர் ஊர்த்தெரு நாலையும் சுற்றும். கிழக்கே வந்து ரேஷன் கடை முக்கில் நிற்கும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் காலனித் தெரு. தேர் அதற்குள் வராது. காலனிக்காரர்கள்தான் தேங்காய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு முக்குக்கு வர வேண்டும். அங்கே ஊர்த்தெரு ஆள் ஒருவர் தட்டுகளை மொத்தமாக ஒரு கூடையில் கவிழ்த்து வாங்கிப் போவார். எந்தத் தேங்காய் யாருடையது என்று அம்மனுக்கும் தெரியாது. உடைத்த மூடி திரும்பி வருவதற்குள் தேர் திரும்பிவிடும். வெறும் தட்டோடு நிற்கும் வரிசையில் அவள் அம்மா மருதாயி கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து நின்றிருக்கிறாள்.

தமிழ்மொழி அந்த வரிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள். 'தேர் காலனித் தெருவுக்குள் செல்வதில்லை. ரேஷன் கடை முக்கில் திரும்பிவிடும்.' திட்டில்லை, கோபமில்லை. பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்காது என்று எழுதுவது போல எழுதினாள்.

மறுநாள் வரி காணோம். நீக்கியவர் பெயர் அறிவரசன். அரியலூரில் பிறந்து வெளிநாட்டில் இருப்பவர் என்று அவருடைய பக்கத்தில் போட்டிருந்தது. கலைக்களஞ்சியத்தில் பழுத்த ஆள். கெட்ட வார்த்தை பேசமாட்டார், குரலை உயர்த்தமாட்டார், யாரையும் 'தாங்கள்' என்றுதான் அழைப்பார். அந்தத் 'தாங்களை'க் கேட்டுக் கேட்டே பாதிப் பேர் எழுதுவதை விட்டு ஓடியிருந்தார்கள்.

"தாங்கள் சேர்த்த தகவலுக்குச் சான்று இல்லை" என்று எழுதியிருந்தார்.

"நான் அந்தத் தெருதாங்க. கண்ணால பாத்தத எழுதியிருக்கேன்" என்றாள் இவள்.

"கண்ணால் கண்டது சொந்த ஆய்வாகும். மேலும் தாங்கள் அத்தெருவைச் சேர்ந்தவர் என்பதால் நலமுரண் எழுகிறது. நடுநிலை பேண வேண்டுகிறேன்."

துபாய்க்காரன் தர்மகர்த்தாவின் தங்கை மகன். அவனுக்கு நலமுரண் எழவில்லை. அவன் தான் யாரென்று சொல்லவில்லை, இவள் சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னவளுக்குத்தான் முதல் அடி.

அவள் விடவில்லை. ரேஷன் கடை முக்கில் தேர் திரும்பும் படத்தை ஏற்றினாள். தேர் திரும்புவதைத்தான் படம் காட்டுகிறது, ஏன் திரும்புகிறது என்பதைக் காட்டவில்லை என்றார் அறிவரசன். அம்மாவையும் தெருப் பெண்கள் நாலு பேரையும் பேசவைத்துக் குரல் பதிவை ஏற்றினாள். அச்சில் வெளிவராத வாய்மொழி ஏற்கத்தக்கதல்ல என்றார். முன்னொரு வருஷம் அதிகாரி முன்னால் இரண்டு தெருவும் உட்கார்ந்து, 'பழைய வழக்கப்படியே தேர் செல்லும்' என்று கையெழுத்துப் போட்ட சமாதானக் கூட்டத் தாளைக் காட்டினாள். அது வெளியிடப்படாத ஆவணம், தவிர அதில் காலனி என்ற சொல்லே இல்லை என்றார். சரியாகத்தான் சொன்னார், இல்லைதான். பழைய வழக்கம் என்று இரண்டு வார்த்தையில் அதையெல்லாம் மூட்டை கட்டியிருந்தார்கள்.

கடைசியில் அவர் எழுதியது இது: "தாங்கள் கூறுவது உண்மையாகவே இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் உண்மையை எழுதுபவர்கள் அல்ல, அச்சில் வந்ததை எழுதுபவர்கள். ஒரு நாளிதழில் வரட்டும், நானே சேர்த்துவிடுகிறேன்."

இந்த இடத்தில்தான் தமிழ்மொழி தப்புப் பண்ணினாள். அந்த மனிதர் மனசாரத்தான் சொல்கிறார் என்று நம்பினாள். அவர் மனசாரத்தான் சொன்னார் என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

பேப்பரில் வர வேண்டும், அவ்வளவுதானே என்று குன்னத்துப் பகுதிநேர நிருபர் செல்லதுரையைப் பார்க்கப் போனாள். பைக்கின் முன்னால் பிரஸ் என்று ஒட்டியிருப்பவர். பேப்பர் ஏஜென்சியும் அவர்தான், விளம்பரம் பிடிப்பதும் அவர்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"தேர் வரலன்னு எப்படிம்மா நியூஸ் போடறது? என்னைக்கும் வராதது இன்னைக்கும் வரல. இதுல நியூஸ் எங்க இருக்கு?"

"அப்ப எப்பதாங்க சார் நியூஸாவும்?"

"எதாச்சும் நடக்கணும். தேரன்னைக்கு முக்குல நாலு பொம்பளைவோ ரோட்ல உக்காருங்க. எங்க தெருவுக்கும் தேர் வரணும்னு ஒரு அட்டையப் புடிங்க. நான் வந்து போட்டோ எடுத்துக்கறேன். மாவட்டப் பக்கத்துல கண்டிப்பா வந்துரும்."

"வருவீங்களா சார்?"

"இதென்ன கேள்வி. சாமி கும்புடவே வருவன்ல."

உரிமைக்காக மறியல் பண்ணியவர்கள் உண்டு, தண்ணீருக்காக, பஸ்ஸுக்காகப் பண்ணியவர்கள் உண்டு. கலைக்களஞ்சியத்தில் ஒரு வரிக்கு அடிக்குறிப்பு வேண்டும் என்று மறியலுக்கு நாள் குறித்தவள் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான். தேர் தெருவுக்குள் வந்துவிடும் என்று அவள் நினைக்கக்கூட இல்லை. வருவதில்லை என்பதை எங்காவது எழுதி வைத்தால் போதும் என்று நினைத்தாள். அவ்வளவு கொஞ்சமாக ஆசைப்பட்டால் வம்பு வராது என்று ஒரு கணக்கு.

கடை கம்ப்யூட்டரிலேயே அட்டைக்கு டிசைன் போட்டாள். தெருப் பெண்களிடம் சொன்னாள். ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும், போட்டோ எடுத்ததும் எழுந்துவிட வேண்டும், கோஷம் கூடாது. அம்மாவுக்கு மட்டும் இது விளங்கவில்லை.

"போட்டோ எடுத்தா தேர் வந்துருமாடி?"

"வராதும்மா. வரலன்னு எழுதுவாங்க."

"வரலங்கறது எல்லாருக்கும் தெரியுந்தான?"

"எழுதுனாத்தாம்மா தெரிஞ்ச மாதிரி."

மகள் படித்தவள், அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று மருதாயி தட்டை விளக்கி வைத்தாள்.

தம்பி அஜித்குமாரை மட்டும் அன்றைக்கு ஊரில் இருக்காதே என்று தமிழ்மொழி கண்டித்துச் சொல்லியிருந்தாள். அவன் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏற்றம் எல்லாம் தாண்டி, நன்னடத்தை விசாரணைக்காகக் காத்திருந்தான். காலனியிலிருந்து சீருடை போடப் போகிற முதல் பையன். விடியலில் ஏரிக்கரையில் அவன் ஓடுவதைப் பார்த்து ஊர்த்தெருக்காரர்களே "நல்ல ஓட்டம்" என்று சொல்வதுண்டு. அவனும் சரி என்று தலையாட்டிவிட்டு, தேரன்று காலையில் கங்கைகொண்ட சோழபுரத்திலிருக்கும் சிநேகிதன் வீட்டுக்குப் போவதாகத்தான் கிளம்பினான். பஸ் ஸ்டாப்பில் நின்றவனுக்கு மனசு கேட்கவில்லை. அம்மா ரோட்டில் உட்காரும்போது மகன் சிநேகிதன் வீட்டில் சோறு தின்பதா என்று திரும்பிவிட்டான். கூட்டத்துக்குப் பின்னால், ரேஷன் கடைச் சுவரோரம் நின்றுகொண்டான்.

தேர் முக்குக்கு வந்தது. பெண்கள் தட்டோடு உட்கார்ந்தார்கள். தமிழ்மொழி அட்டையைப் பிடித்துக்கொண்டு செல்லதுரை வருகிறாரா என்று பார்த்தாள். செல்லதுரை வரவில்லை. தர்மகர்த்தா வீட்டில் இலை போட்டிருந்தார்கள். நிருபர் அங்கே இரண்டாம் தரம் சாம்பார் வாங்கிக்கொண்டிருந்தார். போட்டோ எடுக்காமல் எப்படி எழுந்திருப்பது? உட்கார்ந்தே இருந்தார்கள். ஐந்து நிமிஷம் கால் மணியானது, அதற்கு மேலும் ஆனது. வடம் பிடித்தவர்களுக்கு வெயில் தலைக்கேறியது.

"எழுந்திரிங்கடி. சாமி வெயில்ல நிக்குது" என்று யாரோ கத்தினார்கள்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே, இதோ எழுந்திருச்சிருவோம்" என்றாள் தமிழ்மொழி. அவள் கண் ரோட்டு மேலேயே இருந்தது.

முன்வரிசையில் இருந்த மருதாயியின் கையைப் பிடித்து ஒருவன் இழுத்தான். தட்டு உருண்டது. அவள் மல்லாந்து விழுந்தாள். சுவரோரம் நின்ற அஜித்குமார் ஓடி வந்தான், அந்த நல்ல ஓட்டம். இழுத்தவனைப் பிடித்துத் தள்ளினான். அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. கல் பறந்தது. காலனியில் ஏழெட்டு வீட்டு ஓடு நொறுங்கியது. மருதாயிக்கு மணிக்கட்டு முறிந்தது. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ் அதுவரை நிழலில் நின்றது, அதற்குப் பிறகு சுறுசுறுப்பானது. காலனியில் ஒன்பது பேரைப் பிடித்தார்கள். நடுநிலையாக இருக்க வேண்டுமே என்று ஊர்த்தெருவிலும் இரண்டு பேரைப் பிடித்தார்கள். அந்த இரண்டு பேரும் சாயங்காலம் வீட்டில் இருந்தார்கள்.

கையைக் கழுவிக்கொண்டு வந்த செல்லதுரை, ஸ்டேஷனில் கொடுத்த குறிப்பை வாங்கி அப்படியே அனுப்பிவிட்டார். மறுநாள் மாவட்டப் பக்கத்தில் வந்தது. வாக்கு மாறாத மனிதர். 'செங்காட்டுக்குறிச்சியில் தேர் மறிப்பு: இரு பிரிவினர் மோதல், அஜித்குமார் உள்பட 11 பேர் மீது வழக்கு.' தேர் எந்தத் தெருவுக்கு வருவதில்லை என்று செய்தியில் ஒரு வார்த்தை இல்லை.

தமிழ்மொழி அன்று அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். கட்டுப் போடும் அறைக்கு வெளியே போனைத் திறந்தபோது அறிவரசனிடமிருந்து தகவல் வந்திருந்தது: "வணக்கம். தாங்கள் நெடுநாள் தேடிய சான்று கிடைத்துவிட்டது. வாக்களித்தபடி நானே சேர்த்துவிட்டேன். மகிழ்ச்சி."

பக்கத்தைத் திறந்தாள். 'அனைத்து சமுதாய மக்களும் ஒற்றுமையுடன்' அப்படியே இருந்தது. அதற்கடுத்து: 'காலனித் தெருவினர் தேரை மறித்ததால் இரு பிரிவினரிடையே மோதல் ஏற்பட்டு, தேரோட்டம் பாதியில் நின்றது.' அடிக்குறிப்பில் பேப்பர் தலைப்பு முழுசாக, அவள் தம்பி பெயரோடு.

அங்கேயே நின்று அழித்தாள். அவர் திரும்பச் சேர்த்தார். இரண்டாம் தரம் அழித்துவிட்டு, "என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? எங்க அம்மா கை ஒடஞ்சு கெடக்குது" என்று எழுதினாள். "தங்கள் தாயார் விரைவில் நலம்பெற வேண்டுகிறேன். எனினும் சான்றுள்ள தகவலை நீக்க இயலாது" என்று பதில் வந்தது. மூன்றாம் தரம் அழித்தாள். தொடர்ந்து சான்றுகளை அழித்து நடுநிலையைக் குலைத்ததற்காகக் குன்னத்துக்காரியை ஆறு மாதம் தடை செய்தார்கள். வாக்கெடுப்பு நடந்தது. யாரும் எதிர்க்கவில்லை. ஒருவர் மட்டும், நல்ல பங்களிப்பாளர், வருத்தமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

அஜித்குமார் ஜாமீனில் வந்தான். நன்னடத்தை விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், வழக்கு நிலுவையில் இருப்பதால் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிக்கொண்டு போனார். போகும்போது, "வழக்குன்னு ஒண்ணு இல்லாம இருந்தா உன் ஓட்டத்துக்கு எப்பவோ யூனிபாரம் போட்டுருப்ப தம்பி" என்று தோளில் தட்டிக் கொடுத்தார். சரி, தனியார் கம்பெனியில் செக்யூரிட்டி வேலையாவது பார்க்கலாம் என்று போனான். இன்டர்வியூவில் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஊர்ப் பெயரையும் அவன் பெயரையும் போட்டுத் தேடினால் முதலில் வந்து நிற்பது கலைக்களஞ்சியம்தான்.

அன்று வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் போனை அக்கா முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இத எழுதுனது நீயாக்கா?"

"நான் இல்லடா. மூணு தடவ அழிச்சேன்டா நான்."

"தெருவே நீதான்னு சொல்லுது. நம்மூரப் பத்தி அதுல எழுதற ஒரே ஆளு நீதானாம்."

"மத்ததெல்லாம் நான் எழுதுனது. இந்த வரி நான் எழுதல."

"அப்ப காட்டு. எதாச்சும் ஆதாரம் காட்டு."

தமிழ்மொழி போனை வாங்கி, பக்கத்தின் வரலாற்றைத் திறந்து கொடுத்தாள். யார் எப்போது எதை எழுதினார்கள் என்று அதில் வரிசையாக இருக்கும். அவன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். குன்னத்துக்காரி, குன்னத்துக்காரி, குன்னத்துக்காரி என்று போய்க்கொண்டே இருந்தது. மேலே மட்டும் அறிவரசன் என்று நாலு இடத்தில் வந்தது.

"யாரு இந்த அறிவரசன்?"

"அரியலூர்க்காரரு. வெளிநாட்டுல இருக்காரு."

"நீ பாத்துருக்கியா?"

"இல்ல."

"பேசிருக்கியா?"

"எழுத்துலதான்."

"நம்ம தெரு எந்தப் பக்கம்னே தெரியாத ஒரு ஆளு, நீகூட மூஞ்சியப் பாக்காத ஆளு, என் பேரத் தேடிப் புடிச்சி எதுக்குக்கா எழுதணும்? எம்மேல என்ன காண்டு அவருக்கு?" அவன் போனை அவள் மடியில் போட்டான். "அந்தப் பேருலயும் நீயே எழுதலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அறிவரசன் என்று ஒருவர் நிஜமாகவே இருக்கிறார், எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, யாருக்கும் ஓரவஞ்சனை செய்யாமல் நாளைக்குப் பத்து ஊரைத் திருத்திக்கொண்டிருக்கிறார் என்பதை எதைக் கொண்டு காட்டுவது? அவரிடமே கேட்டு வாங்கலாம் என்றால் தடை முடிய இன்னும் மாதங்கள் கிடந்தன. கட்டுப் போட்ட கையோடு மருதாயி அடுப்படியிலிருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீயா எழுதுன மொழி?" என்று அவளும் கேட்டாள்.

அடுத்த வாரம் அஜித்குமார் திருப்பூர் பஸ் ஏறினான். அம்மாவிடம் போயிட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டான். அக்காவிடம் சொல்லவில்லை.